ஜெபமணி சிஸ்டரின் கால் மைல்

போன ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் ஒரு பழைய கார் கண்காட்சி. என்னையும் கூப்பிட்டு, நிழலில் ஒரு நாற்காலியும் கொடுத்திருந்தார்கள். பழைய வண்டிகளோடு ஒரு பழைய ஆளும் இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம்.

பக்கத்து நாற்காலியில் ஓர் இளைஞர். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. வார இறுதியில் பைக் ரேஸ். டிராக் ரேஸ் என்றால் என்ன என்று எனக்குப் பொறுமையாக விளக்கினார். நேர் ரோடு. ரெண்டு வண்டி. கால் மைல். வளைவு கிடையாது, சுற்று கிடையாது. நின்ற இடத்திலிருந்து கிளம்பி யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறார்கள் — அவ்வளவுதான்.

"நம்ம பக்கம் இதெல்லாம் இப்பதான் சார் வந்திருக்கு. உங்க காலத்துல இருந்திருக்காது" என்றார்.

இருந்தது, நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன் என்றேன். அவர் மரியாதையாகச் சிரித்தார். நம்பவில்லை என்பது அந்த மரியாதையிலேயே தெரிந்தது.

போகட்டும். நீங்களாவது நம்புங்கள்.

எழுபதுகளில் பாலக்காட்டின் கிழக்கு ஓரம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் பக்கம். இடம் கேரளா, காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு போனால் பொள்ளாச்சி. அங்கே வாய்க்கால் வெட்டும்போது கல் ஏற்றிப் போக ஒரு தார் ரோடு போட்டார்கள். ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு மைலுக்கு மேல் நேராகப் போகும். ரெண்டு பக்கமும் பனை. வீடு இல்லை, கிளை ரோடு இல்லை. வாய்க்கால் வேலை முடிந்தது. ரோட்டுக்கும் வேலை இல்லாமல் போனது.

அந்தப் பக்கத்துக்காரர்கள் நேர் ரோட்டைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பார்களா? தை மாசமானால் ரேக்ளா விடுகிறவர்கள் அவர்கள். காளை பூட்டிய சின்ன வண்டி, இருநூறு மீட்டர், கையில் ஸ்டாப்வாட்ச். அந்த ரோட்டிலும் முதலில் ஓடியது ரேக்ளாதான்.

ஒரு வருஷம் யாரோ ஒரு அரிசி மில்காரர் தன்னுடைய ஹெரால்டு காரைக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தி, காளையோடு ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாராம். முதல் ஐம்பது அடிவரை காளைதான் முன்னால் போனதாம். நான் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்த ஐம்பது அடிதான் ஊரையே கிறுக்குப் பிடிக்க வைத்தது. அத்தனை குதிரைச் சக்தி இருந்தும் கார் ஏன் கிளம்புவதில் தோற்றது? அதைச் சரி செய்தால் என்ன ஆகும்? அடுத்த வருஷம் ரெண்டு கார் வந்தது. அதற்கடுத்த வருஷம் ஐந்து. சில வருஷம் கழித்து நான் போனபோது பதினொன்று.

தூரமும் கூடியது. காருக்கு இருநூறு மீட்டர் போதவில்லை. கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்த ஒருவர் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றைப் பார்த்துவிட்டுக் கால் மைல் என்றார். சங்கிலி பிடித்து அளந்து ரெண்டு முனையிலும் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். விளக்கெல்லாம் கிடையாது. ஒருவர் நடுவில் நின்று தோள் துண்டைக் கீழே விடுவார். துண்டு தரையைத் தொட்டதும் கிளம்பலாம். முடிவுக் கோட்டில் பக்கத்துப் பள்ளிக்கூடங்களின் டிரில் மாஸ்டர்கள் ரெண்டு பேர், ஆளுக்கொரு ஸ்டாப்வாட்சோடு.

தை மாசம் கணவாய்க் காற்று கிழக்கிலிருந்து அடிக்கும். அதனால் கிழக்கே கிளம்பி மேற்கே முடிப்பார்கள். காற்றையும் கொஞ்சம் வேலை வாங்கிக்கொள்ளலாமே.

அந்த வண்டிகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எல்லாம் யுத்தத்துக்கு முன்னும் பின்னும் கப்பலில் வந்த பழைய கார்கள். மட்கார்டு, பம்பர், பின் சீட்டு என்று எடை உள்ளதையெல்லாம் கழற்றியிருப்பார்கள். உள்ளே பம்ப்செட் பட்டறையில் கடைந்த பிஸ்டன் இருக்கும். லாரிக்கு வந்த கார்ப்பரேட்டர் காருக்குள் உட்கார்ந்திருக்கும். புத்தகம் பார்த்துச் செய்தவர்கள் குறைவு. செய்து பார்த்து, உடைந்து, மறுபடி செய்தவர்களே அதிகம்.

அவர்களில் முதல் ஆள் மயில்சாமி. தென்னையும் கடலையும் போட்டிருந்த விவசாயி. நாற்பதை நெருங்கும் வயசு. ஒரு பழைய ஆறு சிலிண்டர் ஸ்டேஷன் வேகனை நடுவில் அறுத்து, சுருக்கி, ஒட்டி வைத்திருந்தார். பார்க்க லட்சணமாக இருக்காது. மூன்று வருஷமாக அதை யாரும் ஜெயிக்கவும் இல்லை.

மலையிலிருந்த எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயசு. மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஆபீஸ் கிளார்க். எங்கள் மானேஜர் குடகுக்காரர். வெள்ளைக்காரர்கள் போய் வருஷக்கணக்காகியும் மானேஜரைத் துரை என்றுதான் எஸ்டேட்டில் கூப்பிடுவோம்; இவரையும் அப்படியே. துரைக்குத் தேயிலை ரெண்டாம் பட்சம், கார்தான் உயிர். பழைய வெள்ளைக்கார மானேஜர் விட்டுப் போன எட்டு சிலிண்டர் அமெரிக்கக் கார் ஒன்று அவரிடம் இருந்தது. ரெண்டு வருஷம் அதை லாரியில் ஏற்றி அந்த நேர் ரோட்டுக்குக் கொண்டுபோனார். ரெண்டு வருஷமும் மயில்சாமியிடம் தோற்றுத் திரும்பினார். ஒரு தடவை ஆக்ஸில் உடைந்தது. ஒரு தடவை கிளட்ச் புகைந்தது.

இப்போது ஜெபமணி சிஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரியின் நர்ஸ். முப்பது வயசுக்குக் கொஞ்சம் மேல். பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. ஒல்லியான உருவம், மெதுவான பேச்சு. நர்ஸ் வேலை படித்த இடத்தில், ஊர் ஊராகப் போகும் மருத்துவ வேனை ஓட்டப் பழகி, லைசன்ஸும் எடுத்திருந்தார். எஸ்டேட்டில் அது முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

டிஸ்பென்சரிக்கு ஒரு ஜீப் இருந்தது. அதன் சாவி என்னிடம், ஆபீஸ் ஆணியில் தொங்கும். எஸ்டேட் டிரைவரைத் தவிர யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது ரூல்.

ஒரு நாள் சாயங்காலம் ஐந்தரை மணி. பேச்சியம்மா என்று கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு நிறைமாதம். பிரசவம் சிக்கலாகிவிட்டது, உடனே மூணாறு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று ஜெபமணி சிஸ்டர் ஆபீசுக்கு ஓடி வந்தார். டிரைவர் இல்லை. துரையின் விருந்தாளிகளை மாட்டுப்பட்டி அணை பார்க்கக் கூட்டிப் போயிருந்தார். துரையும் கூடவே. ஜீப் வாசலில் நின்றது.

"சாவியக் குடுங்க கிளார்க் சார். நான் ஓட்டுதேன்."

நான் என்ன செய்தேன்? ரூல் என்றேன். துரையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்றேன். திரும்பி வந்திருப்பாரோ என்று பங்களாவுக்குப் போனைச் சுற்றினேன். பட்லர் எடுத்தார், துரை இல்லை என்றார். மறுபடி சுற்றினேன். வேலை போய்விடுமோ என்ற பயம்... வேறொன்றுமில்லை. சிஸ்டர் என்னிடம் வாதாடவில்லை. நாலு பேரைக் கூப்பிட்டுக் கட்டிலோடு பேச்சியம்மாவைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நடக்க ஆரம்பித்தார். ஒண்ணேகால் மணி நேரம் கழித்து டிரைவர் வந்து, பாதி வழியில் அவர்களைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போனார்.

பேச்சியம்மா பிழைத்துக்கொண்டாள். குழந்தை இல்லை.

இத்தனை வருஷமாக இந்த வாரப் பத்தியில் என்னென்னவோ எழுதியிருக்கிறேன். இதை எழுதியதில்லை.

மறுநாள் காலையில் சிஸ்டர் ஆபீசுக்கு வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். ஒரு காகிதத்தை நீட்டி, இதைத் தப்பில்லாமல் டைப் அடித்துக் கொடுங்கள் என்றார். துரைக்கு மனு. ஜீப் சாவி டிஸ்பென்சரியில் இருக்க வேண்டும், டிரைவர் இல்லாதபோது தானே ஓட்டுவதற்கு அனுமதி வேண்டும் — அவ்வளவுதான் விஷயம்.

துரை மறுத்தார். மலை ரோடு, மழை, மூடுபனி... ஒரு பெண்ணை நம்பி வண்டியைக் கொடுத்து ஏதாவது ஆனால் கம்பெனிக்கு யார் பதில் சொல்வது? சிஸ்டர் ரெண்டாவது மனு கொடுத்தார். மூன்றாவதும் கொடுத்தார். மூன்றையும் நான்தான் டைப் அடித்தேன். மூன்றுக்கும் ஒரே பதில்.

அந்த மார்கழியில்தான் ஃபிட்டர் சுடலைமுத்து வாயைத் திறந்தார்.

சுடலைமுத்து எங்கள் தேயிலைப் பேக்டரியின் ஃபிட்டர். துரையின் ரேஸ் காருக்கும் அவர்தான் டாக்டர். ரெண்டு வருஷமும் உடைந்ததை ஒட்டிக் கொடுத்தவர். டிஸ்பென்சரி ஜீப் ரிப்பேருக்கு வந்து, டிரைவர் சாவியை அதிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தபோது, சிஸ்டர் அதை பேக்டரிச் சரிவில் பின்னோக்கி ஏற்றி நிறுத்தியதை அவர் பார்த்திருக்கிறார். ஒரு குலுக்கல் இல்லை, ஒரு இரைச்சல் இல்லை. அதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் துரையிடமே சொல்லிவிட்டார். நான் பக்கத்தில் பேரேட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

"வண்டியில குத்தம் இல்ல சார். உங்க கால்லதான் கிளட்ச் சாவுது. சிஸ்டர ஒருவாட்டி ஓட்டச் சொல்லிப் பாருங்க."

துரைக்கு முகம் சிவந்தது. வேலையை விட்டுத் துரத்தப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த மனுஷரிடம் ஒரு குணம் உண்டு. ஆட்களை நம்ப மாட்டார், அளவை நம்புவார். தேயிலை எத்தனை டிகிரியில் காய்கிறது, எத்தனை நிமிஷம் ரோலரில் உருள்கிறது — எல்லாம் எண்ணாக வேண்டும் அவருக்கு. சரி, அளந்து பார்த்துவிடுவோம் என்றார்.

மலையில் கால் மைல் நேர் ரோடு எங்கே இருக்கிறது? எங்கள் எஸ்டேட்டில் மிக நீளமான நேர் என்பதே பேக்டரி முற்றம்தான். நிறுத்த இடம் போக அறுபது அடி. அது போதும் என்றார் சுடலைமுத்து. இந்த ரேஸில் முதல் அறுபது அடிதான் ரேஸ், மிச்சமெல்லாம் ஊர்வலம் என்பது அவர் கட்சி.

ரோலர் ரூம் ஸ்டாப்வாட்சை என் கையில் கொடுத்தார்கள். துரை மூன்று தடவை ஓட்டினார். சிஸ்டர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கிளட்ச்சை வெறும் காலால் ரெண்டு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு, மூன்று தடவை ஓட்டினார். மூன்று தடவையும் அவர்தான் வேகம். அதுவும் முடி இழையில் அல்ல... கடைசித் தடவை அரை செகண்டு.

ஸ்டாப்வாட்சுக்கு ஆண் தெரியாது, பெண் தெரியாது. துரை தெரியாது, நர்ஸ் தெரியாது. ஆபீஸ்களில் அதை மேஜைக்கு ஒன்று வைக்கலாம்.

துரை வாட்சை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தை மாசம் பாலக்காட்டுக்கு வந்து இந்தக் காரை ஓட்ட முடியுமா என்று கேட்டார். இதைக் கேட்க அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது.

ஓட்டுகிறேன், ஜீப் சாவி வேண்டும் என்றார் சிஸ்டர். ஜெயித்தால் பார்க்கலாம் என்றார் துரை.

"பாக்கலாங்கிறது வேண்டாம் சார். எழுதிக் குடுங்க."

எழுதியது நான்தான். ரேஸில் ஜெயித்தால் டிஸ்பென்சரி ஜீப்பின் சாவி சிஸ்டர் பொறுப்பில் இருக்கும், எந்த நேரமும் ஓட்டலாம். தோற்றால் இது பற்றி இனி மனு வராது. துரை கையெழுத்துப் போட்டார். சிஸ்டரும் போட்டார். காகிதத்தை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

தை பிறந்தது. தேயிலைப் பெட்டி ஏற்றும் லாரியில் காரை ஏற்றிக் கட்டினோம். மறையூர், உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பயணம். ஒரே நாளில் கேரளாவை விட்டு வெளியே போய் மறுபடி கேரளாவுக்குள் நுழைந்தோம். ரெண்டு செக்போஸ்ட்டிலும் தேயிலையைத் தேடினார்கள்; கிடைத்தது கார். சிஸ்டர் லாரியின் முன் சீட்டில் எங்களோடு உட்கார்ந்து வழி முழுக்க ஸ்வெட்டர் பின்னினார்.

கீழே இறங்கியதும் சுடலைமுத்து கார்ப்பரேட்டரைப் பிரித்தார். மலையில் காற்று மெலிசு, அதற்கேற்ற மாதிரி பெட்ரோல் போகும் துளையைச் சின்னதாக வைத்திருந்தார். கீழே காற்று கனம், பெட்ரோல் அதிகம் வேண்டும். ஊசி மாதிரி ஒரு டிரில்லால் துளையைப் பெரிசாக்கி மாட்டி ஸ்டார்ட் செய்தார். எஸ்டேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த வண்டியா இது? பனை மரத்துக் காக்காயெல்லாம் பறந்துவிட்டது.

போட்டி நாளன்று காலையில் ரோட்டின் ரெண்டு பக்கமும் கூட்டம். கோட்டுக்குக் காரைக் கொண்டுவந்தது ஒரு பெண் என்றதும் சலசலப்பு. வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகி, அதன் மேல் சுடலைமுத்துவின் காக்கிக் கோட்டைப் போட்டிருந்தார். கமிட்டிக்காரர்கள் கூடிப் பேசினார்கள். பொம்பளை ஓட்டலாமா? போட்டி விதிப் பேப்பரில் கூடாது என்று எதுவும் எழுதவில்லை. அப்படி ஒருவர் வருவார் என்று யாரும் நினைத்ததில்லை, அதனால் தடுக்கவும் யாருக்கும் தோன்றியதில்லை. கடைசியில் கமிட்டித் தலைவர் சிஸ்டரிடமே வந்து லைசன்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். காட்டினார். அப்புறம் என்ன, ஓட்டுங்கள் என்று போய்விட்டார்.

இப்படியும் ஒரு நிர்வாகம். மூன்று மனு வாங்கிய எங்கள் ஆபீசை நினைத்துக்கொண்டேன்.

முதல் ரெண்டு சுற்றில் ஜெயிக்க அதிக சிரமமில்லை. கடைசிச் சுற்று மயில்சாமியோடு. மூன்று ஓட்டம், ரெண்டு ஜெயிப்பவர் வெற்றி.

முதல் ஓட்டத்தில் துண்டு விழுந்தது. எங்கள் வண்டியின் பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. ரப்பர் புகை. மயில்சாமி போயே போய்விட்டார்.

துரை வெற்றிலை போடுகிறவர் மாதிரி வெறும் வாயை மென்றுகொண்டே இருந்தார். சிஸ்டர் இறங்கி வந்து பின் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். வண்டியில் பலம் கூடிப்போச்சு, தரையைப் பிடிக்கவில்லை என்றார். ரெண்டு மணல் மூட்டையைப் பின்னால் வைக்கச் சொன்னார். பின் டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கச் சொன்னார். சுடலைமுத்து மறுபேச்சு பேசாமல் செய்தார்.

ரெண்டாவது ஓட்டம். துண்டு தரையைத் தொட்டது. சத்தம் முதலில் அடங்கின மாதிரி இருந்தது, பிறகு ஒரே சீராக ஏறியது. சக்கரம் சுற்றவில்லை, வண்டி மட்டும் நகர்ந்தது. முதல் அறுபது அடியிலேயே ஒரு வண்டி நீளம் முன்னால். கோடுவரை அந்த இடைவெளி குறையவில்லை. வரப்பில் நின்ற பெண்கள் பக்கமிருந்துதான் முதலில் கைதட்டல் வந்தது.

மூன்றாவது ஓட்டத்துக்குள் ரேடியேட்டரில் ஆவி. சுடலைமுத்து நனைந்த சாக்கைப் போர்த்திப் போர்த்தி எடுத்தார். அவர் முகம் சரியில்லை. என் பக்கம் குனிந்து, கேஸ்கெட் போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் ஒரே ஒரு ஓட்டம் தாங்கும் என்றார்.

ஓடினார்கள். ரெண்டு வண்டியும் ஒன்றாகக் கிளம்பியது. ஒன்றாகவே போனது. முடிவுக் கோட்டுக்குப் போய் நின்ற எனக்குத் தெரிந்ததெல்லாம் புழுதியும் இரைச்சலும்தான். எங்கள் வண்டி கோட்டைத் தாண்டி நூறு அடி போய், ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் விட்டு, வெள்ளை ஆவிக்குள் நின்றுவிட்டது.

டிரில் மாஸ்டர்கள் வாட்சைப் பார்த்தார்கள். ஒருவர் சிஸ்டர் என்றார். இன்னொருவர் மயில்சாமி என்றார்.

கமிட்டி மறுபடி கூடியது. ஐந்து நிமிஷத்தில் முடிவு: நாலாவது ஓட்டம்.

எங்கள் வண்டி இன்னொரு அடி ஓடாது. ஓடவில்லை என்றால் தோல்வி. தோற்றால் மனு கிடையாது, சாவி கிடையாது. துரை கையெழுத்துப் போட்ட காகிதம் என் சட்டைப் பையிலேயே இருந்தது. சிஸ்டர் காரை விட்டு இறங்கி, அதன் பக்கத்தில் வெறும் காலோடு நின்றார். அழவில்லை. கைகளை மட்டும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். அந்தச் சாயங்காலம் கட்டிலுக்குப் பின்னால் அவர் நடந்துபோனது எனக்கு ஞாபகம் வந்தது. எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

மயில்சாமிக்கு எங்கள் வண்டியின் நிலைமை தெரியாதா? அந்த ஆவியைப் பார்த்தால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அவர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. வாயை மூடிக்கொண்டு தன் வண்டியைக் கோட்டுக்குத் திருப்பினால் போதும். நாலாவது வருஷமும் அவர்தான் ராஜா.

தலையிலிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே கமிட்டிக்காரர்களிடம் நடந்து வந்தார்.

"நாலாவது எதுக்குங்க? அம்மணிதானுங்க முன்னாடி போச்சு. ஒரு முழம் இருக்கும். நான் பக்கத்துல இருந்து பாத்தனுங்க."

கமிட்டித் தலைவர், வாட்ச் வேறு மாதிரி சொல்கிறதே என்று இழுத்தார்.

"வாட்ச் புடிச்சவரு புழுதிக்கு அந்தப்பக்கம் நின்னாருங்க. நான் வண்டிக்குள்ள இருந்தனுங்க."

கமிட்டித் தலைவர் சிஸ்டர் ஜெயித்ததாக எழுதிக்கொண்டார்.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ போட்டிகள் பார்த்துவிட்டேன். பரிசுகள், பதவிகள், தேர்தல்கள்... நடுவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். யார் முன்னால் போனார்கள் என்பது பின்னால் வந்தவருக்கு எப்போதும் தெரியும். அதைச் சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை.

மயில்சாமி சிஸ்டரிடம் வந்து, செருப்பில்லாமலா ஓட்டினீர்கள் என்று கேட்டார். கிளட்ச் என்ன சொல்கிறது என்று பாதத்துக்குத் தெரிய வேண்டாமா என்றார் சிஸ்டர். அவர் யோசித்துக்கொண்டே போனார். மறு வருஷம் மயில்சாமி வெறும் காலோடு வந்து நின்றதாகவும், எல்லாரையும் ஜெயித்ததாகவும் பின்னால் கேள்விப்பட்டேன்.

அந்த நேர் ரோடு இன்னும் சில வருஷம் தாக்குப் பிடித்தது. பிறகு அந்த வழியாக பஸ் விட்டார்கள், வீடுகள் வந்தன, ரேஸ் நின்றது. பஸ் வந்ததில் அந்தப் பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் சந்தோஷம்தான்.

எஸ்டேட்டுக்குத் திரும்பிய முதல் திங்கட்கிழமை. துரை ஆபீசுக்குள் வந்து, நான் எழுந்து நிற்பதற்குள் தானே ஆணியிலிருந்து ஜீப் சாவியை எடுத்தார். ஆள் அனுப்பவில்லை. தானே டிஸ்பென்சரிக்கு நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். தோற்ற காரியத்தை இவ்வளவு அழகாகச் செய்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இல்லை... அவருடைய காரும் ஜெயித்தது அல்லவா? அன்றைக்குத் தோற்றது அவருடைய பழைய பதில் மட்டும்தான்.

ரெண்டு நாள் கழித்து சிஸ்டர் ஆபீசுக்கு வந்தார். சுடலைமுத்துவிடம் சொல்லி அராவி எடுத்த ஒரு நகல் சாவியை என் மேஜையில் வைத்தார். எதற்கு என்று கேட்டேன்.

"நானும் லீவுல போவேன்லா. அப்ப யாராவது ஓடி வந்து கேட்டா, நீங்க போன் சுத்திட்டு நிக்கப்புடாது."

அவ்வளவுதான் சொன்னார். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி எங்களுக்குள் நடந்த ஒரே பேச்சு அதுதான். ரெண்டே மாதத்தில் நானும் லைசன்ஸ் எடுத்தேன்.

அதன் பிறகு நான் எஸ்டேட்டில் இருந்த வருஷங்களில் எத்தனை பேரை அவர் மூணாறுக்குக் கொண்டுபோனார் என்று எனக்குக் கணக்கில்லை. பிரசவம், பாம்புக்கடி, இயந்திரத்தில் சிக்கிய கை... மழையிலும் பனியிலும் அந்த ஜீப் போகும், வரும். ஒரு தடவை கால் முறிந்த ஒருவரைப் பின்னால் படுக்க வைத்து, நானும் கூடப் போனேன். வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. பள்ளத்துக்கெல்லாம் ஒதுங்கி, வளைவுக்கெல்லாம் நிதானித்து... கொழுந்து ஏற்றிய ஒரு டிராக்டர் எங்களை முந்திக்கொண்டு போனது. எனக்கே கொஞ்சம் ரோஷம் வந்தது. கால் மைலை அப்படிப் பறந்தவர், ஒரு டிராக்டருக்கு வழி விடுகிறாரே என்று கேட்டுவிட்டேன்.

சிஸ்டர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னைக்கு வண்டில நான் ஒருத்திதான சார் இருந்தேன்."